மாம்பழ மஞ்சளா, மயில்கழுத்தா?

கேள்வி: வணக்கம் அக்கா. எங்களுக்குப் பொங்கோலில் நாலறை வீடு. சாவி வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து எல்லாச் சுவரும் வெள்ளைதான். தீபாவளிக்குள் ஹாலுக்குச் சாயம் அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம், நிறத்தில்தான் சிக்கல். எனக்கு மாம்பழ மஞ்சள் வேண்டும். ஊரில் தாத்தா வீட்டுத் திண்ணைச் சுவர் அந்த நிறத்தில்தான் இருக்கும். என் கணவருக்கு மயில்கழுத்து நிறம். அவருடைய அம்மா, அதாவது என் அத்தையின் கல்யாணப் பட்டு அந்த நிறம், அந்தப் புடவையையே கடைக்கு எடுத்துப்போய் மெஷினில் காட்டி நிறம் கலக்கச் சொல்லியிருக்கிறார். வந்த சாம்பிளைப் பார்த்தால் பாசி பிடித்த மாதிரி இருக்கிறது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறார். ஹால் ஜன்னல் மேற்குப் பக்கம், மதியம் 2 மணிக்கு மேல் வெயில் அப்படியே உள்ளே வரும். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். அத்தைக்கு 76 வயது, இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, அடுத்த வருஷம் ஆபரேஷன் செய்யலாம் என்றிருக்கிறார்கள். எந்த நிறத்தை எடுப்பது, நீங்களே சொல்லுங்கள். — பொங்கோல் வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு எந்த நிறம் வேண்டும் என்று இருக்கிறது, உங்கள் கணவருக்கு எது வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு சாயங்காலம்வரை அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர் அத்தை. அவருக்கு எது வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, எனக்கு உங்கள் கேள்விக்கான பதிலே அங்கேதான் கிடைத்தது. அதற்கு முன்னால் வெயிலைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் மஞ்சளைப் பற்றி அதுதான் முடிவு செய்யப்போகிறது.

நம் சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஏறக்குறைய 1 மணிக்குத்தான். அஸ்தமனம் வருஷம் முழுக்க 7 மணியை ஒட்டியே இருக்கும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால், மழை மேகம் இல்லாத நாளில் நாலைந்து மணி நேரம் வெயில் நிச்சயம். அதிலும் 5 மணிக்கு மேல் வருகிற வெயில் மதிய வெயில் இல்லை. சூரியன் இறங்க இறங்க, அது காற்றைச் சாய்வாகக் கடந்து வருவதற்குள் அதிலிருந்த நீலம் சிதறிக் குறைந்துகொண்டே போய், மஞ்சளும் ஆரஞ்சும் தூக்கலாகிவிடும். மாம்பழ மஞ்சள் அடித்த சுவர் சரியாக அந்த வெளிச்சத்தைத்தான் அள்ளித் திருப்பிக் கொடுக்கும். அப்புறம் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டு, அது திரும்ப இங்கே வந்து, நாலு சுவரும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். கடையில் விரல் நீள அட்டையில் இதமாகத் தெரிந்த மஞ்சள், நாலு சுவரிலும் ஏறியபிறகு, சாயங்காலம் 6 மணிக்கு வீட்டையே ஆரஞ்சாக்கிவிடுவதற்கு இதுதான் காரணம். வேலை முடிந்து களைத்து நீங்கள் கதவைத் திறக்கிற நேரமும் ஏறக்குறைய அதுதான்.

தாத்தா வீட்டுத் திண்ணை அப்படி உறுத்தவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். திண்ணைக்கு மூன்று பக்கம் திறந்த வெளி, மேலே கூரையின் நிழல். நேர் வெயில் அதில் விழுந்திருக்காது, தெருவில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் விழுந்திருக்கும். அந்தக் காலத்துச் சுவர் என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பில் மஞ்சள் கலந்து அடித்ததாக இருக்கும், சுண்ணாம்பு மினுங்காது, கொஞ்சம் திட்டுத் திட்டாக, துணி மாதிரி இருக்கும். நீங்கள் ஆசைப்படுவது அந்த நிறத்தையும் நிழலையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். டப்பாவில் நிறம் மட்டும்தான் கிடைக்கும். உங்கள் வீட்டில் அந்த நிழல் இருக்கிற இடம் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது மயில்கழுத்து. உங்கள் கணவர் அம்மாவின் கல்யாணப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு சாயக்கடைக்குப் போனார் என்று படித்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அந்த மெஷின் ஏன் பாசி நிறத்தைக் கொடுத்தது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். மயில்கழுத்துப் பட்டு ஒரே நிறத்து நூலில் நெய்வதில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம், ஒன்று நீலம் என்றால் மற்றது பச்சை. புடவையை வெயிலில் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள், மடிப்பின் மேட்டில் பச்சை ஓடும், பள்ளத்தில் கருநீலம் நிற்கும், மடிப்பை நகர்த்தினால் இரண்டும் இடம் மாறும். அந்த மாற்றம்தான் மயில்கழுத்து. மெஷின் செய்வது ஒரு சின்ன வட்டத்தை ஒளியடித்து, அதிலிருந்து திரும்பி வருவதை எல்லாம் கூட்டிச் சராசரி எடுப்பது. நீலத்தையும் பச்சையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மந்தமான ஒரு பச்சைதான் வரும். மெஷின் மேல் தப்பில்லை, சுவருக்கு ஊடையும் பாவும் கிடையாது, அவ்வளவுதான்.

அதனால் அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: புடவையில் எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கிறது, மேட்டில் ஓடும் பச்சையா, பள்ளத்தில் நிற்கும் நீலமா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெஷினை நம்பாமல், பகல் வெளிச்சத்தில் புடவையின் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற அட்டைகளை வைத்து, கண்ணால் பொருத்தி எடுங்கள். என் கருத்து நீலம். சாயங்கால மஞ்சள் வெயில் பட்டால் நீலம் தானாகவே கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயும். பச்சையை எடுத்தால் அது இன்னும் பழுப்பாகும், மறுபடி பாசிதான்.

சரி, அத்தைக்கு வருகிறேன்.

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகும். புரை விழுந்தால் இன்னும் அதிகம். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், நீல வெளிச்சம் அதில் அடைபட்டுவிடும். அவர்களுக்குக் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். வெள்ளையும் வெளிர்மஞ்சளும்கூடப் பிரித்துத் தெரியாது. இந்த மாற்றம் வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பதால் அவர்களுக்கே தெரியாது, யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். என் அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த மறுநாள், ஈசூன் வீட்டில் காலையில் எழுந்து வந்தவர் ஹால் சுவரைத் தடவிப் பார்த்து, "இதுக்கு எப்போ நீலம் அடிச்சீங்க?" என்று கேட்டார். அந்தச் சுவர் எட்டு வருஷமாக வெளிர்நீலம். எட்டு வருஷமாக அவர் அதைச் சாம்பலாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறம் வாங்கும்போது அவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

அதனால் உங்கள் வீட்டில் ஹாலின் எல்லாச் சுவரும் மயில்கழுத்து என்பது கூடாது. அந்த அளவு ஆழமான நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு மாதிரிதான் திருப்பித் தரும், வெள்ளை பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தரும். இரவில் இப்போது இருக்கும் விளக்கு போதாது. அத்தை இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது சுவர் எங்கே முடிகிறது, வாசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவேண்டும். அந்த வழியில் சுவருக்கு ஆழமான நிறம் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஒரே ஒரு சுவரில் மயில்கழுத்து நன்றாக இருக்கும், அது டிவி இருக்கிற சுவர். அதை ஒட்டி யாரும் நடப்பதில்லை. டிவியின் கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரில் தெரிவது போல உறுத்தாது. ஆபரேஷன் முடிந்தபிறகு அத்தை தினமும் உட்கார்ந்து பார்க்கப்போகிற சுவரும் அதுதான். இப்போது அவருக்கு அது கறுப்பாகத் தெரியலாம். அடுத்த வருஷம் ஒரு காலையில் அது தன் கல்யாணப் புடவை நிறம் என்று அவரே கண்டுபிடிப்பார். உங்கள் கணவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மற்ற மூன்று சுவருக்கும் சந்தனம் லேசாகக் கலந்த வெள்ளை. சுத்த வெள்ளையை அந்த மயில்கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரி வெட்டித் தெரியும், சந்தனம் அதைத் தணிக்கும். சாயங்கால வெயிலிலும் அது தேன் மாதிரி ஆகுமே தவிர ஆரஞ்சாகாது.

உங்கள் மாம்பழ மஞ்சளை நான் மறக்கவில்லை. ஹாலிலிருந்து படுக்கையறைகளுக்குப் போகும் நடையில் நேர் வெயில் விழாது, திண்ணையில் இருந்த நிழல் உங்கள் வீட்டில் அங்கேதான் இருக்கிறது. அந்த நடையின் கடைசிச் சுவருக்கு மஞ்சளை அடியுங்கள். நீலம் அடைபட்ட கண்ணுக்கும் அந்த அழுத்தமான மஞ்சள் மஞ்சளாகவே தெரியும், இரவில் அத்தைக்கு வழிகாட்டியாகவும் இருக்கும். கழிவறை வாசலின் சட்டத்துக்கு மட்டும் டிவி சுவரின் மயில்கழுத்து நிறத்திலேயே எனாமல் வாங்கி அடித்துவிட்டால், பக்கத்துச் சுவரிலிருந்து வாசல் பளிச்சென்று பிரிந்து தெரியும். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்சு இருந்தாலும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கருநிறப் பட்டை ஒட்டிவிடுங்கள். அம்மா வீட்டில் இந்தப் பட்டையை ஒட்டிய பிறகு அவர் சுவரைத் துழாவுவது நின்றது.

இதையெல்லாம் நான் சொல்கிறேன் என்று நேரே டப்பா வாங்கிவிடாதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடப் புராஜெக்டுக்கு வாங்கும் வேன்கார்ட் அட்டை வெள்ளை நிறத்தில் மூன்று வாங்குங்கள். ஓரத்தில் நாலு விரல் வெள்ளை விட்டு, உள்ளே சாயம் இரண்டு கோட்டு, அதாவது இரண்டு பூச்சு, அடியுங்கள். முதல் கோட்டு நன்றாகக் காய்ந்தபிறகுதான் இரண்டாவது, ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தால் மாறும், எமல்ஷன் என்கிற தண்ணீர்ச் சாயம் பெரும்பாலும் காய்ந்தபின் கொஞ்சம் அழுத்தமாகும். ஓரத்து வெள்ளையைக் கட்டாயம் விடுங்கள். பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அது நடுவில் இருப்பதை மாற்றிக் காட்டும். பாரிஸில் கோப்லின் நெசவாலையில் கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தபோது, ஷெவ்ரல் என்கிற வேதியியலாளர் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். 1839இல் அதை விரிவாக எழுதியும் வைத்தார். நம் ஊர்ப் புடவைக் கடையில் பார்டரை மறைத்துவிட்டு உடலைப் பார் என்று பாட்டிமார் சொல்வதும் இதற்காகத்தான்.

அட்டையை அந்தந்தச் சுவரிலேயே ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். காலை 10 மணிக்குப் பாருங்கள், சாயங்காலம் 6 மணிக்குப் பாருங்கள், இரவு விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்குப் பெட்டியில் 3000 கெல்வின் என்று இருந்தால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை. உங்கள் ஹாலில் 6500 இருந்தால் மயில்கழுத்து இரவில் சில்லென்று இருக்கும், சந்தனமும் சாம்பல் தட்டும். நடுவில் 4000 கிடைக்கிறது, அதை மாட்டிப் பாருங்கள். நிறத்தை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது எவ்வளவோ மலிவு.

இன்னொன்று, வெயில் சுவரைச் சீவிக்கொண்டு போகிற ஹால் இது. ஜூன் மாதம் சூரியன் வடமேற்கில் இறங்கும், அப்போது தெற்குச் சுவரில் வெயில் படும். டிசம்பரில் தென்மேற்கில் இறங்கும், அப்போது வடக்குச் சுவரில். இப்படிச் சாய்வாகப் படுகிற வெளிச்சத்தில் ரோலர் போன தடம், பட்டி வைத்த மேடு எல்லாம் தெரியும், பளபளப்பான சாயம் என்றால் இன்னும் மோசம். டிவி சுவருக்கு மினுங்காத மேட் ரகம் வாங்குங்கள். கைபடும் நடைக்கு மட்டும் துடைத்துக் கழுவக்கூடிய, லேசாக மினுங்கும் ரகம். ஆழமான நிறம் வெயிலில் வெளிறவும் செய்யும், படத்தைக் கழற்றினால் படத்தின் அச்சு சுவரில் நிற்கும். மதியம் 3 மணிக்குத் திரையை இழுத்துவிடச் சொல்லி அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் சூடும் உள்ளே வந்துவிட்டது, சுவர் எந்த நிறமாக இருந்தாலும் திரை செய்கிற உதவியை அது செய்யாது.

அளவு: டிவி சுவர் 4 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம் என்றால் 10 சதுர மீட்டர் சொச்சம். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். ஆழமான நிறத்தில் வெள்ளை நிறமி குறைவு, அதனால் இரண்டு கோட்டில் மூடாது, மூன்றுக்குத் தயாராக இருங்கள். மூன்று லிட்டருக்கு மேல் வேண்டியிருக்கும், ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். இரண்டாம் முறை கலக்கினால் மயிரிழை வித்தியாசம் வரும், அது சுவர் நடுவில் கோடாகத் தெரியும்.

அட்டைகளை ஒட்டியபிறகு, ஒரு சாயங்காலம் அத்தையை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, இது என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி கேட்பதற்கு அது இருக்கட்டும்.

கேள்வி: ஜூரோங் வெஸ்ட்டில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். முன்பிருந்தவர்கள் ஓர் அறைக்கு அரக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். மனைவிக்கு இது ஆறாம் மாதம், அதைக் குழந்தையின் அறையாக்க வேண்டும். வெள்ளையா வெளிர்பச்சையா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சாயம் அடிப்பவர் சிவப்பைச் சுரண்டிவிட்டு நேரே வெள்ளை இரண்டு கோட்டு போதும் என்கிறார். — ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: தம்பி, வெள்ளையோ பச்சையோ, பிறந்த குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான், உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். சிவப்பின் மேல் நேரே வெள்ளை அடித்தால் இரண்டு கோட்டிலும் ரோஸ் நிறம் எட்டிப் பார்க்கும், மூன்றாவது கோட்டுக்கும் பணம் கொடுப்பீர்கள். முதலில் சீலர் என்கிற அடிப்பூச்சு ஒரு கோட்டு, அதன்மேல் நிறம் இரண்டு கோட்டு, இதுதான் சரி.

எனக்குக் கவலை அந்தச் சுரண்டல்தான். பழைய புளோக் என்றால் அடியில் எத்தனை அடுக்குச் சாயம் இருக்கிறதோ, பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் இருந்திருக்கலாம், காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசு வீடு முழுக்கப் பறக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது. உரிந்து நிற்கும் இடத்தை மட்டும் ஈரம் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தரையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், மற்ற இடத்தை அப்படியே மூடிவிடலாம். வேலை நடக்கிற நாட்களில் மனைவி அவருடைய அம்மா வீட்டில் இருக்கட்டும். வாசனை குறைந்த, தண்ணீரில் கரையும் சாயமாக வாங்கி, குழந்தை வருவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: உள்ளே அடித்த பச்சை மிச்சம் இருக்கிறது. வாசலுக்கு வெளியே தாழ்வாரச் சுவருக்கும் அதையே அடித்துவிடலாமா? கோலம் போட்டால் எடுப்பாக இருக்கும். — தெம்பனிஸ் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. கதவுக்கு வெளியே இருக்கும் சுவர் பொது இடம், அதற்கு எப்போது என்ன நிறம் அடிப்பது என்பது நகர மன்றத்தின் பொறுப்பு. அடித்தால் பழையபடி மாற்றித் தரச் சொல்வார்கள். மிஞ்சிய பச்சையை ஒரு மரப்பலகைக்கு அடித்து, அதன்மேல் கோலத்தைப் போட்டு, வாசலுக்கு உள்பக்கம் சாய்த்து வையுங்கள். டப்பாவின் மூடியை இறுக்கி, நிறத்தின் எண்ணை மூடியிலேயே எழுதிவிடுங்கள், அடுத்த தடவை சுவரில் கீறல் விழும்போது தேடவேண்டியதில்லை.